பாட்டு ஓசி, காபி 280 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னையில் ஏதாவது ஒரு பெரிய காபி ஷாப்பில் போய் உட்காருங்கள். மூலையில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கையில் கிடார். இன்னொருவர் பாடுவார், அல்லது ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டுவார், சில சமயம் இரண்டையும் சேர்த்தே செய்வார். இளையராஜா, ரஹ்மான், யுவன், நடுவில் ஒரு இந்திப் பாட்டு, ஒரு இங்கிலீஷ் பாட்டு என்று இரண்டு மணி நேரம் ஓடும். நீங்கள் காபியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டுவீர்கள். பிடித்த பாட்டு வந்தால் செல்போனைத் தூக்கி ஒரு நிமிடம் படம் எடுப்பீர்கள். பில் வரும். கொடுப்பீர்கள். எழுந்து போய்விடுவீர்கள்.

அன்றைக்கு அந்தக் கடையில் உழைத்த எல்லோருக்கும் சம்பளம் உண்டு. காபி போட்டவருக்கு உண்டு. மேஜை துடைத்தவருக்கு உண்டு. உங்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கை காட்டின வாட்ச்மேனுக்கு உண்டு. பால்காரருக்குக் கணக்குத் தீர்த்தாயிற்று. மின்சார வாரியத்துக்குக் கட்டியாயிற்று. அரசாங்கத்தின் 5 சதவிகித ஜி.எஸ்.டி. உங்கள் பில்லிலேயே இருக்கிறது.

பாடின இரண்டு பேருக்கு?

பல இடங்களில் ஆளுக்கு ஒரு காபி, ஒரு சாண்ட்விச், முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான். இதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்திருக்கிறார்கள். 'எக்ஸ்போஷர்'. அதாவது, நாலு பேருக்குத் தெரிய வருமாம். தெரிய வந்து? அடுத்த வாரம் இன்னொரு காபி ஷாப்பில் கூப்பிடுவார்கள். அங்கேயும் எக்ஸ்போஷர்தான். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோக்காரரிடம், 'அண்ணே, காசுக்குப் பதிலா கொஞ்சம் எக்ஸ்போஷர் தரட்டுமா?' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மொழியில் பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் பி.காம். படித்தவன். சங்கீதம் தெரியாது. வரவு, செலவு, பாக்கி ஆகிய மூன்றும் கொஞ்சம் தெரியும். அந்த அறிவை வைத்துச் சொல்கிறேன்: இது கலைக்கு ஆதரவு கிடையாது. ஓசியில் வேலை வாங்குவது.

*

இதைச் சொன்னால் கடைக்காரர்கள் தரப்பில் மூன்று பதில்கள் ரெடியாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: 'அவங்க ப்ரொஃபஷனல் இல்லை சார், அமெச்சூர். ஆசைக்குப் பாடறாங்க. காசு கொடுத்தா அவங்களே தப்பா நினைப்பாங்க.'

இந்த 'அமெச்சூர்' என்ற வார்த்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. லத்தீனில் 'அன்பு செய்' என்ற வேரிலிருந்து வந்த சொல். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் இந்தச் சொல்லை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? காசு வாங்காமல் ஆடினால் 'ஜென்டில்மென்'. வாங்கினால் வெறும் 'ப்ளேயர்ஸ்'. இரண்டு கோஷ்டிக்கும் தனித்தனியாக டிரஸ்ஸிங் ரூம் வைத்திருந்தார்கள். ஸ்கோர் கார்டில் பெயர் அச்சடிப்பதில்கூட வித்தியாசம் காட்டினார்கள். இரண்டு தரப்பும் மோதிக்கொள்ளும் பந்தயமே 1806-லிருந்து நடந்தது. 1962-ல்தான் இந்தக் கூத்துக்கு முழுக்குப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெச்சூர்களில் மிகப் பெரிய பெயரான டபிள்யூ.ஜி. கிரேஸ், 'செலவுத் தொகை' என்ற பெயரில் சம்பளக்காரர்களைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு போனார். ஆக, காசு வாங்காதது உயர்வு என்ற பேச்சு, சோற்றுக்குக் கவலையில்லாதவர்கள் கிளப்பிவிட்டது. அதை ஏன் நாம் இங்கே வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் தூக்கிச் சுமக்க வேண்டும்?

ஆசைக்குச் செய்கிற வேலைக்குக் காசு கிடையாது என்றால், ஆசைப்பட்டு டாக்டருக்குப் படித்தவரிடம் போய் ஃபீஸ் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். அவ்வளவு ஏன், இந்தக் கடைக்காரரே 'காபி என் பேஷன் சார்' என்று பேட்டி கொடுத்தவராக இருப்பார். பேஷனுக்கு 280 ரூபாய் பில் போடுகிறாரா இல்லையா?

*

இரண்டாவது பதில்: 'சொந்தப் பாட்டா பாடறாங்க? ஊரான் பாட்டுதானே?'

'கவர்' என்று ஒரு வார்த்தை வந்தாலும் வந்தது, ஏதோ ஜெராக்ஸ் எடுக்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது. மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரிடம், 'சொந்தமா ஒண்ணு பாடுங்களேன்' என்று யாராவது கேட்கிறார்களா? அடுத்தவர் பாட்டை நன்றாகப் பாடுவது இந்த ஊரில் 200 வருடமாக மரியாதைக்குரிய வித்தை.

அந்த இரண்டு பேர் என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் விரும்பிக் கேட்கிற எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வரிசையாக வயலின்கள், ஒரு புல்லாங்குழல், தபலா, கிடார், தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகிற பேஸ் கிடார், நடுவில் கோரஸ் எல்லாம் இருக்கும். ஸ்டுடியோவில் அத்தனை பேர் சேர்ந்து வாசித்ததை இங்கே 6 கம்பியில் கொண்டுவர வேண்டும். கட்டை விரல் பேஸைப் பார்த்துக்கொள்ளும். மற்ற விரல்கள் கார்டைப் பார்த்துக்கொள்ளும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசையை என்ன செய்வது? வயலின் வரியைக் கிடாரில் பிடிப்பதா, பாடுகிறவர் அதையும் 'லலலா' என்று பாடிவிடுவதா, இல்லை, தைரியமாக வெட்டிவிடுவதா? எதை விட்டால் பாட்டு செத்துப்போகும், எதை விட்டால் யாருக்கும் தெரியாது என்பது கை தேர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆண் குரலுக்குப் போட்ட மெட்டைப் பெண் பாடினால் சுருதியை மாற்ற வேண்டும். அதற்குக் கிடாரின் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டி, விரல் வைக்கும் இடத்தையெல்லாம் மறுபடி யோசிக்க வேண்டும். தப்பாகப் போனால் மறைத்துக்கொள்ளப் பின்னால் யாரும் கிடையாது. முப்பது பேர் வாசிக்கும்போது ஒருவர் தடுக்கினால் அது காதில் விழாது. இரண்டே பேர் என்றால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அந்த மரப்பெட்டி இருக்கிறதே, அதற்குக் 'காஹோன்' என்று பெயர். பெரு நாட்டில் ஆப்பிரிக்க அடிமைகள், கையில் மேளம் இல்லாத குறைக்குச் சரக்குப் பெட்டியைத் தட்டித் தட்டி உண்டாக்கிய வாத்தியம். அடிமைகள் கண்டுபிடித்ததை வைத்து நம் ஊரில் சம்பளமில்லாத வேலை நடக்கிறது. பொருத்தம்தான், போங்கள்!

இன்னொன்றும் சொல்கிறேன். ஊரான் பாட்டைப் பாடிய மேடைகள்தான் நம் சினிமா இசைக்கே பள்ளிக்கூடம். 1960-களில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் வாசித்தவர்களில் இளையராஜாவும் உண்டு, கங்கை அமரனும் உண்டு. அந்த மேடைகளில் அவர்கள் வாசித்தது அப்போதைய ஹிட் பாடல்களை. 'அன்னக்கிளி' 1976-ல்தான் வருகிறது. அதற்கு முன்னால் விரலும் காதும் பழகியது இப்படிப்பட்ட கச்சேரிகளில்தான்.

*

மூன்றாவது பதில்: 'பாட்டு இல்லைன்னாலும் என் கடைக்குக் கூட்டம் வரும் சார்.'

ரொம்ப சந்தோஷம். அப்படியானால் கடை வாசலில் 'இன்று மாலை லைவ் மியூசிக்' என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அது யாருக்காக? இன்ஸ்டாகிராமில் அந்த இரண்டு பேர் படத்தைப் போட்டு, கீழே உங்கள் கடை முகவரியைப் போடுகிறீர்களே, அது எதற்காக? விளம்பரத்துக்குச் செலவு உண்டு என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா உதாரணத்துக்குத்தான். அந்த ஒரு சாயங்காலத்தில் 60 பேர் வந்து போகிறார்கள். ஆளுக்கு 400 ரூபாய் பில். மொத்தம் 24,000 ரூபாய். பாடியவருக்கு 1,500, வாசித்தவருக்கு 1,500 என்று 3,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்தால் தலைக்கு 50 ரூபாய். அந்த 1,500 ரூபாயும் ஒன்றும் அள்ளிக் கொடுத்ததாகாது. 2 மணி நேரம் பாட்டு, மைக்கும் வயரும் மாட்டிச் சரிபார்க்க 1 மணி நேரம், போக வர 1 மணி நேரம், அதற்கு முன்னால் 4 மணி நேரம் பிராக்டிஸ். மொத்தம் 8 மணி நேரம். மணிக்கு 187 ரூபாய் சொச்சம். கிடார் கம்பி அறுந்தால் அவர் செலவு.

தலைக்கு 50 ரூபாய் என்றதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊரில் அம்மன் கோயில் திருவிழா என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். கரகாட்டக்காரருக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் பணம் அதிலிருந்துதான் போகும். ஏழை பாழை எல்லாம் வரி கொடுத்திருப்பார்கள். அதனால் கச்சேரியில், 'அந்தப் பாட்டைப் பாடு' என்று உரிமையோடு கத்துவார்கள். கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கடன் வாங்கிச் செய்கிற கல்யாணமாக இருந்தாலும், மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் முகூர்த்தம் நடக்காது. முடிந்ததும் பாக்கியைத் தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். 'நாலு பேர் பார்ப்பாங்க, ஓசியில் வாசிங்க' என்று நாகஸ்வரக்காரரிடம் கேட்கிற துணிச்சல் நம் தாத்தா பாட்டிகளுக்கு இருந்ததில்லை. ஏசி போட்ட கடைக்குள் வந்ததும்தான் நமக்கு அந்தத் துணிச்சல் வந்தது.

*

'சரி, பாடினவருக்குக் கொடுக்கணும்னா பாட்டு போட்டவருக்கும் கொடுக்கணுமே, அதுக்கு என்ன சொல்றே?' என்று ஒரு வாசகர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கொடுக்கத்தான் வேண்டும்.

2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி.பி., இளையராஜா தரப்பிலிருந்து தனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அனுமதியில்லாமல் அவர் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று நோட்டீஸ். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. நண்பனுக்கு நண்பன் நோட்டீஸ் அனுப்பலாமா, பாட்டு யாருக்குச் சொந்தம், குரல் இல்லாமல் மெட்டு ஏது என்றெல்லாம் பட்டிமன்றம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டிக்கெட் விற்ற காசு யார் கையில் இருந்ததோ, அவர் அதில் மெட்டுப் போட்டவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் என்ன கொடுத்தார்? அந்தக் கேள்வி கடைசிவரை சரியாக எழவில்லை. நாம் பாடுகிறவரையும் போட்டவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. சினிமாப் பாட்டில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை இல்லை, எல்லாம் தயாரிப்பாளருக்கே என்ற நிலைமை 1977-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு உறுதியானது. 35 வருடம் கழித்து, 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசினார். தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு எங்கே அந்தப் பாட்டு பயன்பட்டாலும், ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அதை அவர்கள் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று சட்டம் வந்தது. இந்தப் பணத்தை வசூலிக்க 1969-லிருந்து ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது.

அதே சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்குகளும் உண்டு. கல்யாண ஊர்வலம், கல்யாணக் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு விலக்கு. அமெச்சூர் கிளப்போ சங்கமோ, காசு கொடுக்காத பார்வையாளர்கள் முன்னால் நிகழ்ச்சி நடத்தினால் விலக்கு. இந்த இடத்தில்தான் கடைக்காரர் குஷியாகிவிடுவார். 'அமெச்சூர்தான், டிக்கெட்டும் கிடையாது, அப்புறம் என்ன?' என்பார். ஐயா, டிக்கெட் இல்லைதான். 280 ரூபாய் காபி இருக்கிறதே! அதைக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்க விடுவீர்களா? வீதியோரம் பூங்காவில் நடந்தால் அது காசு கொடுக்காத கூட்டம். கல்லாப்பெட்டிக்கு 10 அடி தூரத்தில் நடந்தால் அதற்குப் பெயர் வியாபாரம்.

51-வது பிரிவு இன்னொன்று சொல்கிறது. அனுமதி பெறாத பாட்டை லாபத்துக்காகத் தன் இடத்தில் நடத்த விடுகிறவரும் குற்றவாளிதான். தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை என்று அவர் காட்டினால்தான் தப்பிக்கலாம். அதாவது, பொறுப்பு இடத்துக்காரருக்கும் உண்டு. பிரிட்டனில் பப், கஃபே எதுவாக இருந்தாலும் இசை உரிமத்தை இடம் நடத்துகிறவர்தான் எடுப்பார். மூலையில் கிடார் வாசிக்கிற பையனிடம் போய் யாரும் ரசீது கேட்பதில்லை. அதே பிரிட்டனில் 2012-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 200 பேர் வரை கூடும் சின்ன இடங்களில் காலை 8 மணியிலிருந்து இரவு 11 மணி வரை நேரடி இசைக்கு உள்ளாட்சி லைசென்ஸ் தொல்லையை நீக்கினார்கள். பிறகு அதை 500 பேராக உயர்த்தினார்கள். அரசாங்கம் கெடுபிடியைக் குறைத்தது. பாட்டு போட்டவர் பங்கு மட்டும் அப்படியே இருந்தது. நம் ஊரிலும் சின்ன கடைகளுக்குக் கட்டுப்படியாகிற சின்னக் கட்டணம், ஒரே பக்க விண்ணப்பம் என்று வசூல் அமைப்புகள் இறங்கி வர வேண்டும். 12 மேஜை கஃபேயையும் ஐந்து நட்சத்திர ஹோட்டலையும் ஒரே கண்ணால் பார்த்தால் யாரும் கட்ட மாட்டார்கள்.

கடைக்காரர் பக்கமும் ஒரு கஷ்டம் இருப்பது எனக்குத் தெரியும். பெங்களூரு மாதிரி தெருவுக்கு ஒரு பப் வைத்து, அந்த லாபத்தில் பாட்டுக்காரருக்குக் கொடுக்கிற வழி இங்கே கிடையாது. 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். மீதி நட்சத்திர ஹோட்டலும் கிளப்பும். காபியில் வருகிற லாபத்தில்தான் வாடகை, சம்பளம் எல்லாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகை அதிகம் என்று பால்காரருக்குப் பாக்கி வைக்க முடிகிறதா? முடியாது. மறுநாள் பால் வராது. பாடுகிறவர் மட்டும் மறுநாளும் வருவார் என்பதுதானே தைரியம்?

*

இப்போது அந்த இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை.

தம்பி, தங்கச்சி, நீங்கள் நன்றாகவே பாடுகிறீர்கள். உங்களில் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ கம்பெனியில் வேலை பார்ப்பீர்கள். இன்னொருவர் கல்லூரியில் கடைசி வருடம். 'எங்களுக்குக் காசு முக்கியமில்லை' என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். முதல் தேதி சம்பளம் வந்துவிடும், அல்லது அப்பா அனுப்பிவிடுவார். இதே ஊரில் கிடார் வாசிப்பதை மட்டுமே நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர்கள். 10 பேர் வாசித்த இடத்தில் ஒரு கீபோர்டு வந்தது. அப்புறம் கரோக்கி வந்தது. அப்புறம் டி.ஜே. 2020-ல் கொரோனா வந்து கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை என்று மாதக்கணக்கில் வாத்தியத்துக்கு உறை போட்டு வைத்தார்கள். மிஞ்சியவர் ஒரு கடையில் போய், 'ஒரு சாயங்காலத்துக்கு 2,000 ரூபாய் கொடுங்க சார்' என்று கேட்கும்போது, 'ஓசியிலேயே ரெண்டு பேர் வர்றாங்களே' என்று பதில் வருகிறது. அந்த ரெண்டு பேர் நீங்கள்தான். உங்கள் தாராள மனசுக்குப் பில் கட்டுகிறவர் அவர்.

நண்பன் பிறந்த நாளுக்குப் பாடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் மணலில் உட்கார்ந்து பாடுங்கள். வெள்ள நிவாரணத்துக்குப் பாடுங்கள். முதியோர் இல்லத்தில் பாடுங்கள். அதற்கெல்லாம் காசு கேட்டால் நானே திட்டுவேன். பக்கத்தில் கல்லாப்பெட்டி சத்தம் கேட்கிறதா? அங்கே உங்கள் விலையைச் சொல்லிவிட்டு மைக்கைத் தொடுங்கள். அந்தக் காசு வேண்டாமென்றால் வாங்கி அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வாங்காமல் மட்டும் வராதீர்கள்.

*

கடைசியாக நீங்கள். ஆமாம், நீங்கள்தான். 

பாட்டு முடிந்ததும் கைதட்டினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். சில கடைகளில் கிடார் பெட்டிமேல் ஒரு க்யூ.ஆர். அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், இருந்தால் ஸ்கேன் பண்ணி 50 ரூபாய் போடுங்கள். தலைக்கட்டு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்டியல் வைத்துவிட்டோம் என்று கடைக்காரர் கை கழுவ அதை ஒரு சாக்காக விடாதீர்கள். உண்டியல் நிறைவது பக்தர்கள் இஷ்டம். சம்பளம் யாருடைய இஷ்டத்தையும் பொறுத்தது இல்லை.

பெரிய போராட்டம் ஒன்றும் வேண்டாம். அடுத்த தடவை பில் கொடுக்கும்போது மேனேஜரைக் கூப்பிட்டு, நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பாடினாங்களே, அவங்களுக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?'

தொகை சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போங்கள். 'அவங்க நம்ம ஃபிரெண்ட்ஸ்தான் சார்' என்று இழுத்தால், நீங்களும் ஃபிரெண்டுதான் என்று சொல்லி அந்த 280 ரூபாயைப் பேரம் பேசிப் பாருங்கள்.